வண்டிக்கும் ஒரு தணிக்கை

தணிக்கை நாள் நெருங்கும்போது சங்கங்களில் இரண்டு விதமான காட்சிகளை நாம் காண்கிறோம். ஒரு சங்கத்தில் எழுத்தர் அன்றாடப் பதிவை அன்றன்றே முடித்து, ரொக்கத்தை எண்ணிப் பெட்டியில் வைத்துவிட்டு, தணிக்கையாளர் என்று வந்தாலும் வரட்டும் என்று அமைதியாக இருப்பார். மற்றொரு சங்கத்தில் ஆறு மாதத்துக் கணக்கு ஆறு இரவுகளில் எழுதப்படும். இருப்பில் இல்லாத பணம் எங்கிருந்தோ ஒரு நாளைக்கு மட்டும் வந்து பெட்டியில் அமர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். முதற் சங்கத்துக்குத் தணிக்கை ஒரு துணை. இரண்டாவதற்கு அது ஒரு கண்டம். இரண்டில் எது நிலைக்கும் என்பதை உறுப்பினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப் புத்தகத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக அறிந்திருக்கும் நாம், நம் கொட்டகையில் நிற்கும் பழைய டீசல் வண்டியைப் பற்றி அவ்வாறு எண்ணுவதில்லை. பதிவுக்காலம் முடியும் மாதம் வந்ததும் அவசர அவசரமாக வண்டியைப் பட்டறையில் விட்டு, "எப்படியாவது எப்.சி. காட்டிக் கொடுத்துவிடுங்கள்" என்று மெக்கானிக்கிடம் கேட்டுக் கொள்கிறோம். எப்.சி. காட்டுவது என்ற இந்தப் பேச்சு வழக்கிலேயே நோய் இருக்கிறது. சோதனைக்கு நாம் காட்டுவது ஒரு வண்டி. மறுநாள் சாலையில் ஓடுவது வேறொரு வண்டி. பழுது பார்ப்பது சான்றிதழுக்காக அன்று, சாலைக்காக என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது.

பழைய டீசல் வண்டிகள் நம்மிடம் ஏன் மிகுதி?

கயத்தாறு, கடம்பூர், கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரங்களில் நெசவாளரும் கரிசல் விவசாயியும் வைத்திருக்கும் நான்கு சக்கர வண்டிகளில் பெரும்பாலானவை பலர் கை மாறி வந்த பழைய டீசல் வண்டிகளே. இதற்குக் காரணம் உண்டு. அரசாங்கம் பல்லாண்டுக் காலம் டீசல் விலையைப் பெட்ரோல் விலையினும் வெகுவாகத் தாழ்த்தி வைத்திருந்தது. 2014 அக்டோபரில் அக்கட்டுப்பாடு நீங்கிய பிறகு இடைவெளி சுருங்கிற்று. ஆயினும் அதற்குள் டீசலே சிக்கனம் என்ற எண்ணம் நாட்டுப்புறத்தில் வேரூன்றிவிட்டது.

வண்டிகளும் அத்தகையனவாகவே அமைந்தன. வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசிடர், மகேந்திரா ஜீப்பு, 1994-இல் வந்த டாடா சுமோ, 2000-இல் வந்த பொலேரோ ஆகியவை ஆளும் ஏற்றும், மூட்டையும் ஏற்றும். நூல் சிப்பத்தையும் துணிக்கட்டையும் உளுந்து மூட்டையையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிச் சந்தைக்குச் சென்று, மாலையில் அதே வண்டியில் பிள்ளைகளைத் திருமணத்துக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். ஒரு டீசல் எஞ்சின் முறையாகப் பேணினால் சில லட்சம் கிலோமீட்டர் உழைக்கும்; பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமாக வார்க்கப்பட்டது. ஆகவே நெடுந்தூரம் ஓடியது என்ற ஒன்றினாலேயே ஒரு வண்டியைக் கழித்துவிட முடியாது. ஓடிய தூரம் வண்டியின் வயது; அதன் உடல்நிலை வேறு விஷயம்.

சட்டம் கேட்பது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டு, 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வண்டிகள் இரு வகைப்படும். சொந்த உபயோகத்துக்கான வண்டியின் முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வண்டியைப் பார்வையிட்டுத் தகுதியாயிருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவு புதுப்பிக்கப்படும். வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் போக்குவரத்து வண்டிக்கோ தகுதிச் சான்று இல்லாமல் பதிவே செல்லாது என்று சட்டத்தின் 56-ஆம் பிரிவு கூறுகிறது. எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்ட வயதுடைய வண்டிக்கு ஆண்டுதோறும் சான்று பெற வேண்டும்.

கட்டணமும் முன்போல் இல்லை. 2021 அக்டோபரில் வெளியாகி 2022 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த விதியினால், 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அது 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. போக்குவரத்து வண்டிகளின் தகுதிச் சோதனைக் கட்டணமும் 2025 நவம்பரில் வயதுக்கேற்பப் படிப்படியாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி இவற்றுக்கு வேறாக உண்டு. இத்தொகைகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்குமுன் அன்றைய கட்டணத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

டில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்ததும், 2018-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்ததும், பின்னர் 2025-இல் அத்தடை தளர்த்தப்பட்டதும் பத்திரிகைகளில் வந்த செய்திகள். அதைக் கேட்டு நம் ஊர்களில் சிலர் அஞ்சி, நல்ல வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டனர். நம் மாநிலத்தில் சொந்த வண்டிகளுக்கு அத்தகைய வயதுத் தடை இல்லை. அரசுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் உரிய வண்டிகளை 15 ஆண்டுக்குப்பின் புதுப்பிக்கலாகாது என்ற மத்திய விதி 2023 ஏப்ரலில் வந்தது. சங்கத்தின் பெயரில் வண்டி வைத்திருக்கும் நிர்வாகக் குழுவினர், இவ்விதி தமக்குப் பொருந்துமா என்பதை வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல், எழுத்து மூலம் விடை பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் வேஷம்

நிற்க. சோதனைக்கு வண்டியைத் தயார் செய்வதாகச் சொல்லி நடைபெறும் சில காரியங்களை இங்கே வெளிப்படையாகவே எழுதிவிடுகிறோம்.

நல்ல டயர்களை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து மாட்டி, சான்று வாங்கியதும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய மொட்டை டயரை மீண்டும் மாட்டுவது ஒன்று. புகைச் சோதனைக்கு முன் பம்பில் டீசல் அளவைக் குறைக்கும் திருகைத் திருகி வைத்து, சான்று கிடைத்ததும் பழையபடி கூட்டிவிடுவது இரண்டாவது. ஆயில் குடிக்கும் எஞ்சினில் கெட்டியான எண்ணெயை ஊற்றி நீலப்புகையைச் சில மணி நேரம் அடக்குவது மூன்றாவது. துருப்பிடித்து ஓட்டையான சேசிஸின் மேல் தகரத்தை ஒட்டவைத்து, அதன்மேல் கறுப்பு வர்ணம் பூசிவிடுவது நான்காவது. எல்லாவற்றிலும் கொடியது இதுவே.

இவற்றால் ஏமாறுவது யார்? பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் அந்த வண்டியில் ஏறிப் போகப் போவதில்லை. நம் பிள்ளைகளும் நம் பெண்டிரும் போகிறார்கள். மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் நான்குவழிச் சாலை கயத்தாற்றை ஒட்டிச் செல்கிறது. அச்சாலையில் வரும் பெரிய லாரிகளும் பேருந்துகளும் நம் ஊர் மண்சாலையின் வேகத்தில் வருவதில்லை. கிராமத்துக் கிளைச்சாலையிலிருந்து அதில் ஏறும் பழைய வண்டி, வேண்டிய இடத்தில் நின்றால்தான் உண்டு. பாவில் இற்றுப்போன இழைமேல் கஞ்சி தடவி மறைத்தால், தறியில் ஏறிய பின் அது அறுந்தே தீரும் என்பதை நெசவாளர் அறிவார். அறுந்த இழையைப் பிணைத்துக்கொள்ளலாம். சாலையில் அறுவது பிணைக்கக் கூடியதன்று.

இந்த வேஷத்துக்கும் செலவு உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். டயர் வாடகை, கூலி, இடைத்தரகருக்குக் கொடுப்பது என்று கணக்கிட்டுப் பார்த்தால், அத்தொகையில் பின் சக்கரப் பிரேக்கை முழுமையாகச் செப்பனிட்டிருக்கலாம். மேலும், 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி நாட்டில் அமைக்கப்பட்டு வரும் தானியங்கிச் சோதனை நிலையங்களில், சக்கரத்தை உருளைகளின்மேல் ஏற்றிப் பிரேக்கின் பிடிப்பை யந்திரமே அளக்கிறது. யந்திரத்திடம் வேஷம் செல்லாது.

முதலில் எதைப் பார்ப்பது?

பட்டறையில் விடும்போது பெரும்பாலோர் முதலில் சொல்வது வர்ணம் அடிப்பதையும் சீட்டு உறை மாற்றுவதையும்தான். கைப்பணம் அதில் கரைந்த பிறகு, பிரேக்குக்குக் காசு இருப்பதில்லை. இவ்வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கையில் உள்ள பணம் எவ்வளவாயினும், அது கீழ்க்கண்ட வரிசையில்தான் செலவாக வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

முதலாவது சேசிஸ். வேறு எதைத் தொடுமுன்பும் வண்டியைக் குழியின் மேல் நிறுத்தி, சுத்தியலால் அடிப்பாகத்தை நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் இரும்பு. மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்ந்தால் அது துரு. தூத்துக்குடிக் கடற்கரையில் உப்பளத்தைச் சுற்றியே ஓடிய வண்டிகளை நம் உறுப்பினர்கள் விலை மலிவென்று வாங்குவதுண்டு. உப்புக் காற்றும் உப்புச் சேறும் மேலே தெரிவதற்குமுன் அடியில் இரும்பைத் தின்றுவிடுகின்றன. பட்டை வில் மாட்டும் இடத்திலும் ஸ்டியரிங் பெட்டி மாட்டும் இடத்திலும் சேசிஸ் இற்றிருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அவ்வண்டிக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் செலவிடலாகாது.

இரண்டாவது பிரேக்கு. பழைய வண்டிகளில் பின் சக்கர வீல் சிலிண்டரின் ரப்பர் இறுகிக் கசிவது சாதாரணம். கசிந்த எண்ணெய் பிரேக் ஷூவில் படிந்தால், மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஷூவை மட்டும் மாற்றிவிட்டுச் சிலிண்டரை அப்படியே விடுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போன்றது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நாட்பட்ட எண்ணெயில் நீர் சேர்ந்து, மிதிக்க மிதிக்கச் சூடேறும்போது ஆவியாகிப் பிடிப்புக் குறையும். ஆகையால் இரண்டாண்டுக்கு ஒரு முறை முழுவதையும் வடித்து மாற்றுதல் வேண்டும். இரும்புக் குழாய்களில் துரு கண்டால் ஒட்டுப் போடாமல் முழுக் குழாயையும் மாற்ற வேண்டும். கைப்பிரேக்கு ஏற்றத்தில் வண்டியைத் தாங்கி நிற்கிறதா என்பதை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஸ்டியரிங்கும் டயரும். சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் வளையம் மட்டும் வெறுமனே திரும்பும் அளவு 30 பாகையை மீறலாகாது என்பது விதி. அவ்வளவு தூரம் போக விடுவதே தவறு. ஜீப்புகளில் கிங் பின், மற்ற வண்டிகளில் பால் ஜாயின்டு, டை ராடு எண்டு ஆகியவை தேய்வதே இதற்குக் காரணம். விலை அதிகமில்லாத உறுப்புகள் இவை. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தேய்மான அளவைக் காட்டும் சிறு மேடுகள் டயரின் பள்ளத்திலேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. மேடு டயரின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. வெயிலில் நின்று பக்கவாட்டில் வெடிப்பு விழுந்த டயர், பள்ளம் நன்றாக இருப்பினும் ஆபத்தானது.

நான்காவது விளக்கு. முகப்பு விளக்கின் கண்ணாடி மங்கி, உள்ளே வெள்ளிப்பூச்சு உதிர்ந்த வண்டிகள் இரவில் குருடாகவே ஓடுகின்றன. பின்புறச் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்புப் பட்டையும் நமக்காக அல்ல, பின்னால் வருபவனுக்காக என்பதை மறக்கலாகாது.

புகை சொல்லும் செய்தி

இவை நான்கும் முடிந்த பிறகே எஞ்சினுக்கு வர வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை; காற்றை இறுக்கிய சூட்டிலேயே டீசல் எரிகிறது. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-இல் இதை ஓட்டிக் காட்டினார். ஆகவே இந்த எஞ்சினுக்கு மூன்றே தேவைகள்: போதிய காற்று, போதிய இறுக்கம், உரிய நேரத்தில் உரிய அளவு டீசல். இவற்றில் எது குறைகிறது என்பதைப் புகையின் நிறமே சொல்லிவிடும்.

கரும்புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். நம் கரிசல் நிலத்தில் இதற்கு முதற் காரணம் பெரும்பாலும் பம்பு அன்று, காற்று வடிகட்டியே. ஆனி, ஆடி மாதங்களில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று, உழுத நிலத்துப் பொடி மண்ணையும் வாரிக்கொண்டு வருகிறது. வடிகட்டி அடைபட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். எண்ணெய்க் கிண்ணமுள்ள பழைய வடிகட்டியாயின் எண்ணெயில் சேறு படிந்திருக்கும். சில நூறு ரூபாயில் தீரும் இக்குறைக்காகப் பம்பைக் கழற்றிப் பல்லாயிரம் செலவு செய்தவர்கள் உண்டு. வடிகட்டியை மாற்றியும் கரும்புகை நிற்காவிட்டால் அடுத்து நாசில்களைச் சோதிக்க வேண்டும். நாசில் டீசலைப் பனிபோல் தூவ வேண்டும். சொட்டினால் அது கெட்டது. கடைசியாகத்தான் பம்பு. மைக்கோ என்று மெக்கானிக்குகள் இன்றும் சொல்லும் அப்பம்பை அளவு பார்க்கும் மேடை உள்ள பட்டறையில் மட்டுமே பிரிக்க வேண்டும். கண்ணளவில் திருகுவது கூடாது.

நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது: பிஸ்டன் வளையமோ வால்வு வழியோ தேய்ந்துவிட்டது. வெண்புகை காலையில் சிறிது வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. சூடேறிய பின்னும் நில்லாமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், தலைப்பகுதியின் கேஸ்கெட்டு போயிருக்கலாம். எஞ்சினைப் பிரிப்பதற்குமுன் ஒவ்வொரு சிலிண்டரின் இறுக்கத்தையும் அளவியால் அளந்து, எண்ணைத் தாளில் எழுதித் தருமாறு மெக்கானிக்கிடம் கேட்பது உடையவரின் உரிமை. அளக்காமல் "எஞ்சின் வேலை இருக்கிறது" என்று சொல்வது, பேரேட்டைப் பாராமல் நஷ்டம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

புகைச் சோதனையில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். பழைய டீசல் வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகும், பாரத் நான்காம் தர வண்டிகளுக்கு 50 அலகும் உச்ச வரம்பு. சோதனைக்குமுன் அரை மணி நேரம் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிச் சென்றால், புகைக்குழாயில் படிந்த கரி நீங்கி, எஞ்சினும் உரிய சூட்டில் இருக்கும். இது வேஷமன்று, எஞ்சினை அதன் இயல்பான நிலையில் காட்டுவதேயாகும்.

புகையை வெறும் விதிக்காக அடக்கவேண்டும் என்றும் எண்ணலாகாது. டீசல் புகை நுரையீரற் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் உறுதியாக அறிவித்தது. தறிக்கூடத்தின் வாசலில் வண்டியை ஓடவிட்டுச் சரக்கேற்றும் வழக்கத்தை இன்றே நிறுத்துவது நன்று.

எஞ்சினே மீளாது என்ற நிலையில், சிலர் வேறு வண்டியின் எஞ்சினை வாங்கி மாட்டிக்கொள்கின்றனர். பதிவு அதிகாரியின் அனுமதியைப் பெற்று, புதிய எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றாவிடில் சோதனையில் வண்டி நிராகரிக்கப்படும். விபத்து நேர்ந்தாலோ இன்ஷூரன்ஸ் கம்பெனி அதையே காரணமாகக் காட்டி வழக்காடும். எஞ்சின் வாங்கும்போது அதன் மூலப் பத்திரங்களையும் கேட்டு வாங்குக. பத்திரமில்லாத எஞ்சின் திருட்டுச் சொத்தாகவும் இருக்கக்கூடும்.

செப்பனிடுவதா, கழிப்பதா?

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழுதுச் செலவு 60,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 15 ஆண்டு முடிந்த சொந்தக் காராயின், மேலே சொன்ன 5,000 ரூபாய்ப் புதுப்பிப்புக் கட்டணமும் சேர்த்து 65,000. இது ஐந்தாண்டுக்கு, அதாவது 60 மாதங்களுக்கு உதவும். மாதம் ஒன்றுக்கு 1,083 ரூபாய் ஆகிறது. சேசிஸ் நன்றாக இருந்தால் இச்செலவு நியாயமானது. அதே 60,000 ரூபாயைப் பழைய போக்குவரத்து வண்டிக்குச் செலவிட்டால் சான்று 12 மாதங்களுக்கே. மாதத்துக்கு 5,000 ரூபாய், கட்டணம் வேறு. செய்த வேலை ஓராண்டில் அழிந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் அடுத்த ஆண்டும் சான்று கிடைக்கும் என்ற உறுதி இல்லாததால், இவ்வகை வண்டியில் பெருஞ்செலவுக்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

கழிப்பதென்று முடிவு செய்தால் அதையும் முறைப்படி செய்ய வேண்டும். நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்து வணிகரால் பெயர் பெற்றது என்று சொல்லப்படும் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, பதிவை நீக்காமல் விட்டுவிடுவோர் பலர். பின்னாளில் அந்த எண்பலகை வேறொரு வண்டியில் ஏறி வழக்கில் சிக்கினால், தேடி வருவது பழைய உடையவரையே. 2021-இல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற கழிவு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தால் வைப்புச் சான்று ஒன்று தருகிறார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கும்போது சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையிலும், போக்குவரத்து வண்டிக்கு 15 சதவீதம் வரையிலும் சாலை வரியில் சலுகை அளிக்க மத்திய விதி இடம் தருகிறது.

சங்கங்கள் செய்யக் கூடியவை

"மழை பொய்த்து, மக்காச்சோளத்தில் புழு விழுந்த ஆண்டில் பிரேக்குக்கு எங்கே போவது?" என்று உறுப்பினர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே சமயத்தில் பெருந்தொகை கேட்கும்போதுதான் வேஷம் போடும் எண்ணம் பிறக்கிறது. தொகையைச் சிறிது சிறிதாகப் பிரித்துவிட்டால் அவ்வெண்ணத்துக்கு இடமில்லை. பிரிப்பதற்கும் சேர்ப்பதற்கும் தோன்றியதே கூட்டுறவு. ஆகவே நிர்வாகக் குழுக்களின் ஆலோசனைக்காக நாம் சில கூறுகிறோம்.

சங்கத்துக்குச் சொந்தமான வண்டி ஒவ்வொன்றுக்கும் குறிப்பேடு ஒன்று இருக்க வேண்டும். ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசல், மாற்றிய உறுப்பு, தேதி ஆகியவை அதில் ஏற வேண்டும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிய வண்டி 9-க்கு இறங்கினால், புகை வருமுன்பே குறிப்பேடு எச்சரித்துவிடும். பல சங்கங்களில் வண்டியின் தேய்மானம் இருப்புநிலைக் குறிப்பில் எழுத்தாக மட்டும் இருக்கிறது. அதற்கு ஈடான தொகையைத் தனியே வங்கியில் போட்டு வைத்தால்தான் வண்டி கழியும் நாளில் கையில் பணம் இருக்கும்.

உறுப்பினர்களின் வண்டிகளுக்காக, ஆண்டில் இரு முறை, அதாவது மேல்காற்று தொடங்குமுன் ஒரு முறையும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், சங்க வளாகத்திலேயே பொதுப் பரிசோதனை ஒன்றை நடத்தலாம். வேளாண் சேவை மையம் வைத்திருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு டிராக்டர் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளின் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அவர்களையே அழைத்து, சேசிஸ் தட்டுதல், பிரேக்கு, ஸ்டியரிங்கு, டயர், வடிகட்டி ஆகிய ஐந்தையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் செய்யலாம். காற்று வடிகட்டி, பிரேக் ரப்பர், எஞ்சின் ஆயில் போன்றவற்றைப் பலருக்குமாகச் சேர்த்து வாங்கினால் விலையும் குறையும், போலிச் சரக்கும் நுழையாது. துணைவிதிகள் இடம் தரும் சங்கங்களில், பழுதுக்கென்று சிறு கடன் ஒன்றைப் பொதுப்பேரவையில் வைத்துத் தீர்மானிக்கலாம். கடன் தொகையை மெக்கானிக்கின் பட்டியலுக்கு எதிராகவே கொடுத்தல் வேண்டும். அப்போது அது வர்ணத்துக்கும் சீட்டு உறைக்கும் போகாது.

பதிவுக்காலம் முடியும் தேதியைக் கடைசி வாரத்தில் நினைவுகூர்வதும் நம் பழைய குறை. சொந்த வண்டிக்கு 60 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். அந்த அறுபது நாளில் வண்டியைச் செம்மையாகப் பழுது பார்த்துவிட முடியும். கடைசி ஆறு நாளில் வேஷம்தான் போட முடியும். ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர் வண்டிகளின் முடிவுத் தேதிகளை ஒரு பலகையில் எழுதி வாசலில் தொங்கவிட்டால் அதுவே பெரும் உதவி.

தணிக்கைச் சான்று சங்கத்தை நாணயமுடையதாக ஆக்குவதில்லை. நாணயமாக நடந்த சங்கத்துக்கு அது சாட்சி கூறுகிறது. தகுதிச் சான்றும் அத்தகையதே. வண்டியைச் சாலைக்குத் தகுதியாக வைத்திருப்பவருக்குச் சான்று தானே வந்து சேரும். வரும் பொதுப்பேரவைக் கூட்டங்களில் இவ்விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, மழைக்காலத்துக்கு முன் முதற் பரிசோதனையை நடத்தி முடிக்குமாறு நம் வட்டாரச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.